ஜீப் போகிற வரைக்கும்

விழாவுக்கு விதிமுறைகள் பதினான்கு. படத்தில் தீ இருக்கக் கூடாது என்பது முதல் விதி. இரண்டாவது புகை. மூன்றாவது வெடிச் சத்தம். நான்காவது பட்டாசு. ஐந்தாவது, பட்டாசு ஆலை, அதன் சுற்றுச்சுவர், அதன் பெயர்ப்பலகை, அதன் காவலாளி. ஆறாவது விதியில் காயம், கட்டு, ஆம்புலன்ஸ், அழுகை நான்கையும் ஒரே வரியில் அடக்கியிருந்தார்கள். விழாவின் பெயர் 'பட்டாசுத் தொழில் பாதுகாப்பு விழிப்புணர்வு மாணவர் குறும்பட விழா'.

கல்லூரியின் விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் துறை நோட்டீஸ் போர்டில் இதை ஒட்டிய அன்று, துறைத் தலைவரும் விழாவின் ஒருங்கிணைப்பாளருமான முனைவர் செல்லப்பாண்டி மாணவர்களுக்கு விளக்கவுரை ஆற்றினார்.

"போன வருஷம் ஒரு பையன் வெடி விபத்தைக் காட்டிட்டான். பார்த்தவங்க பயந்துட்டாங்க. பயந்தா என்ன செய்வாங்க? கவனமா இருப்பாங்க. கவனமா இருந்தா வேலை மெதுவாகும். சீசன்ல ஆர்டர் தேங்கிரும். பாதுகாப்புங்கிறது யாரையும் பயமுறுத்தாம, வேலையையும் கெடுக்காம இருக்கணும். ஆபத்தே இல்லாத பாதுகாப்புப் படம், அதுதான் நம்ம விழாவோட லட்சியம்."

மாணவர்கள் கை தட்டினார்கள். கைதட்டலுக்கும் வருகைப்பதிவு உண்டு என்று அங்கே ஒரு நம்பிக்கை இருந்தது.

மூன்றாம் ஆண்டு மாணவி எழில் தட்டவில்லை. அவள் விதிமுறைத் தாளை நோட்டில் எழுதிக்கொண்டு போய், எம். புதுப்பட்டி வீட்டில் உட்கார்ந்து, தான் எடுக்க நினைத்திருந்த படத்திலிருந்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். தீயை அடித்தாள். ஆலையை அடித்தாள். வெடிமருந்து கலக்கும் கையை அடித்தாள். எல்லாவற்றையும் அடித்த பிறகு மிஞ்சியது ஒரு முள்ளுக்காடும் அதில் உட்கார்ந்திருக்கும் எட்டுப் பெண்களும். பதினான்கு விதிகளில் ஒன்றுகூட முள்ளைப் பற்றிப் பேசவில்லை.

அந்த முள்ளுக்காட்டை ஊரில் எல்லோருக்கும் தெரியும். எழிலின் அம்மா முருகம்மாள் வேலை பார்க்கும் ஆலையில் ஓர் அறைக்கு நான்கு பேர் என்று லைசென்ஸ். சீசனில் ஓர் அறையில் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். ஆய்வு அதிகாரியின் ஜீப் ஊருக்குப் பிரியும் விலக்கு ரோட்டில் திரும்பியதும் காவலாளி இரண்டு தடவை விசில் ஊதுவான். கூடுதல் ஆட்கள் பின்வாசல் வழியாக ஓடி, ஆலைக்குப் பின்னாலுள்ள வேலிக்கருவை முள்ளுக்குள் உட்கார்ந்துகொள்வார்கள். வெடிமருந்து அறைக்குள் செருப்பு போடக் கூடாது என்பதால் அத்தனை பேரும் வெறுங்கால். அவர்கள் கழற்றிவிட்ட செருப்புகளை அதிகாரி எண்ணிவிடக் கூடாது என்று காவலாளி அவற்றைச் சாக்கில் அள்ளி ஒளித்துவைப்பான். ஜீப் போகிற வரைக்கும் யாரும் பேசமாட்டார்கள். அரை மணி நேரமும் ஆகும், மூன்று மணி நேரமும் ஆகும். அதிகாரி எவ்வளவு இளநீர் குடிக்கிறார் என்பதைப் பொறுத்தது.

அந்த மௌனத்தைத்தான் எழில் படமாக எடுக்க நினைத்தாள். சிறு வயதில் ஒருமுறை, பள்ளிக்கூடம் இல்லாத நாளில், அம்மாவின் மடியில் உட்கார்ந்து அந்த மௌனத்தை அவள் கேட்டிருக்கிறாள். எட்டுப் பேர் மூச்சு விடுவதும், எங்கோ ஓர் ஓணான் சருகில் நகர்வதும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அதற்குப் பிறகு அப்படியொரு மௌனத்தை அவள் எங்கும் கேட்டதில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் படம் எடுத்தார்கள். கேமரா, அவளுடைய போன். மைக், பழைய காலுறைக்குள் திணித்து ஆடு மேய்க்கிறவரின் தொரட்டிக் கம்பில் கட்டிய ஹெட்போன். வெளிச்சத்தைத் திருப்பிவிட, அச்சகத்தில் வீணாகிக் கழித்த வெள்ளிப் பேப்பர். அதைப் பிடித்துக்கொண்டு நின்றது வகுப்புத் தோழன் பாலகுரு. நடிகர்களுக்குச் சம்பளம், இரண்டு தர்ப்பூசணியும் ஆளுக்கொரு பன்னும்.

"என்னடி பேசணும்?" என்றாள் ராமுத்தாய். எட்டுப் பேரில் மூத்தவள் அவள்தான். அதிகம் பேசுகிறவளும் அவள்தான்.

"ஒண்ணும் பேச வேணாம் பெரியம்மா. ஜீப்பு வந்தா எப்படி இருப்பீகளோ அப்படி இருங்க."

"இதுக்கு எதுக்குடி படம்? மாசத்துல மூணு நாளு ஓசியிலேயே இப்படித்தான உக்காந்திருக்கோம்."

"ஏத்தா, ஓசியில்லத்தா. இன்னைக்குப் பன்னு குடுத்திருக்கா," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கற்பகம்.

ராமுத்தாய் பன்னைப் பிய்த்துக்கொண்டே ஒரு நிபந்தனை போட்டாள். "நாங்க உக்காருதோம். முள்ளு குத்துனாலும் கத்தாம உக்காருதோம். ஆனா எங்க மூஞ்சியைப் பெரிய திரையில எங்களுக்குக் காட்டிரணும். போன்ல கீன்ல காட்டி ஏமாத்தக் கூடாது. சம்மதமா?"

"சத்தியமா பெரியம்மா."

படம் ஒன்பது நிமிடம் வந்தது. எட்டுப் பெண்கள் முள்ளுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். முருகம்மாள் தாலிக் கயிற்றிலிருந்து ஊக்கைக் கழற்றி, ராமுத்தாயின் பாதத்தில் ஏறிய முள்ளை எடுக்கிறாள். ராமுத்தாய் வாயை முந்தானையால் பொத்திக்கொள்கிறாள். தூரத்தில் ஜீப் கிளம்புகிற சத்தம். எட்டுத் தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்கின்றன. எழுந்து, பின்பக்கத்தைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். "போயிருச்சு" என்கிறாள் ஒருத்தி. மொத்தப் படத்தில் பேச்சு அவ்வளவுதான். படத்துக்கு 'ஜீப்பு' என்று பெயர் வைத்தாள்.

தேர்வுக் குழு கூடிய அன்று எழிலுக்கு முன்னால் பாண்டிச்செல்வம் என்ற மாணவனின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு காட்சியில் ரசம் கொதித்தது. ரசத்திலிருந்து வருவது புகை என்று குழு சொன்னது. ஆவி என்று பையன் சொன்னான். ஆவி வேறு, புகை வேறு என்று வேதியியல் துறையிலிருந்து கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கி வந்தான். அடுத்ததாக, படத்தில் மாலை வானம் சிவப்பாக இருந்ததை ஒருவர் கண்டுபிடித்தார். முதல் விதியின்படி வானத்தை மதியத்தில் எடுத்து வரும்படி பையனை அனுப்பிவைத்தார்கள்.

குழுவின் தலைவர் சோலைச்சாமி. மூன்று பட்டாசு ஆலைகளின் முதலாளி. முருகம்மாள் பதினாறு வருடமாக வேலை பார்க்கும் ஆலையும் அந்த மூன்றில் ஒன்று. எழில் அதைப் படிவத்தில் குறிப்பிடவில்லை. திரையில் அம்மாவின் முகம் வந்தபோது அவள் சோலைச்சாமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கண்டுபிடித்துவிடுவார், நாளைக்கு அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தாள்.

சோலைச்சாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இந்தம்மாவை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே. சீரியல்ல வருவாகளா?"

"இல்லைங்க சார். ஊர்க்காரங்கதான்."

"நல்ல முகம். எதுக்கு இப்படி உக்காந்திருக்காக?"

"காத்திருக்காங்க சார்."

"எதுக்கு?"

எழில் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒரு வண்டி போறதுக்கு."

"வர்றதுக்குன்னு சொல்லும்மா," என்று செல்லப்பாண்டி திருத்தினார். "பஸ்ஸுக்குக் காத்திருக்காங்க சார். கிராமப்புறப் போக்குவரத்து."

அவர்கள் யாரென்று சோலைச்சாமிக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. முப்பது வருடமாக ஜீப் வரும்போதெல்லாம் அவர் முன்வாசலில் சால்வையோடு நின்றிருக்கிறார். ஆட்கள் குறைவார்கள், பிறகு கூடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். இடையில் எங்கே போகிறார்கள் என்று அவர் கேட்டதில்லை. நல்ல முதலாளி அதெல்லாம் கேட்பதில்லை.

முள்ளெடுக்கும் காட்சி வந்ததும் குழு முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"முதலுதவி!" என்றார் செல்லப்பாண்டி. "விதிக்குள்ள நின்னு எவ்வளவு அழகா விழிப்புணர்வைக் கொண்டு வந்திருக்கா பாருங்க. தீ இல்லை. புகை இல்லை. சத்தம்கூட இல்லை."

"சத்தம் இல்லாததுதான் எனக்குப் பிடிச்சிருக்கு," என்றார் சோலைச்சாமி. "தொழிலாளின்னா இப்படி இருக்கணும். முள்ளு குத்துது, வாயைத் தொறக்குறாகளா பாருங்க."

அதற்குப் பிறகு திருத்தங்கள் சொன்னார்கள். 'ஜீப்பு' என்ற பெயர் அரசு வாகனத்தை நினைவூட்டுவதால் 'இயற்கையின் மடியில்' என்று மாற்ற வேண்டும். எழில் சம்மதித்தாள். முன்னால் புரவலர்களின் சின்னங்கள் பதினேழைச் சேர்க்க வேண்டும். சம்மதித்தாள். சின்னங்களுக்குப் பின் தலைவரின் வாழ்த்துரை மூன்று நிமிடம் வரும். அதற்கும் சம்மதித்தாள். பெரிய திரையில் அந்த எட்டு முகங்களும் வந்தால் போதும், மற்றதெல்லாம் போகட்டும் என்று இருந்தாள்.

பிறகு நீளம் பற்றிய பிரச்சினை வந்தது. எல்லாம் சேர்ந்து பத்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். சின்னங்களும் வாழ்த்துரையும் ஏழு நிமிடத்தை எடுத்துக்கொண்டன. எழிலுக்கு மிஞ்சியது மூன்று.

"ஆறு நிமிஷத்தை வெட்டும்மா. சும்மாதான உக்காந்திருக்காங்க," என்றார் செல்லப்பாண்டி.

"வெட்டினா படமே இல்ல சார். அவங்க அம்புட்டு நேரம் உக்காந்திருக்கிறதுதான் சார் படம்."

இந்த ஓர் இடத்தில் மட்டும் அவள் நகரவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் குழு ஒரு துணைக்குழுவை அமைத்தது. துணைக்குழு பக்கத்து அறைக்குப் போய்த் திரும்பி வந்து, குறும்படத்தின் நீளம் என்பது வசனத்தின் நீளமே, வசனம் இல்லாத பகுதியைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்று தீர்மானம் வாசித்தது. அதன்படி எழிலின் படத்தின் நீளம் ஒரு வினாடி. இன்னும் நிறைய இடம் மிச்சமிருப்பதாகச் சொல்லி அவளைப் பாராட்டினார்கள்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. எட்டுப் பெண்களும் நல்ல சேலை கட்டி, ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து வந்தார்கள். ராமுத்தாய் பூ வைத்திருந்தாள். ஆலையில் வேலை பார்த்துப் பழகியவர்கள் எந்தக் கட்டடத்துக்குள்ளும் செருப்போடு நுழையமாட்டார்கள். ஷூ போட்ட மாணவர்கள் இடித்துக்கொண்டு போக, எட்டுப் பேரும் வாசல்படியில் செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டுவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்கள்.

"இம்புட்டுப் பெரிய திரையா?" என்றாள் கற்பகம். "என் மூஞ்சி இதுல எப்படிடி நெறையும்?"

"ஒன் மூக்கு மட்டும் போதும்டி, நெறைஞ்சிரும்," என்றாள் ராமுத்தாய்.

முருகம்மாள் திரையை நிமிர்ந்து பார்த்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டாள், திரை அவளைப் பார்க்கப்போகிறது என்பதுபோல.

தலைமை விருந்தினர், ஆலைகளுக்கு ஜீப்பில் வரும் அதே ஆய்வு அதிகாரி. பத்து மணிக்கு வர வேண்டியவர் பன்னிரண்டாகியும் வரவில்லை. அதுவரை குத்துவிளக்கை ஏற்றவில்லை. முதல் விதியை மனதில் வைத்து, விளக்கில் சின்ன மின்பல்புகளைப் பொருத்தியிருந்தார்கள். சுவிட்ச் மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு மணி நேரமும் வாழ்த்துரைகளில் கழிந்தது. பதினேழு புரவலர்களும் ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொண்டார்கள். சால்வை தீர்ந்ததும் முதலில் போட்டவற்றை வாங்கி மறுபடி போட்டார்கள். அதற்கு மேல் தாங்காமல் திரையிடலைத் தொடங்கினார்கள். முதல் படம் எழிலுடையது. மேடை ஓரத்தில் மடிக்கணினிக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். சின்னங்கள் ஓடி முடிந்து வாழ்த்துரையும் முடியப்போகும் நேரத்தில் வாசலில் பரபரப்பு எழுந்தது.

செல்லப்பாண்டிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அரங்கத்துக்கு லைசென்ஸ் நூற்றைம்பது பேருக்கு. உள்ளே முந்நூறு பேர். வருகிறவரின் வேலையோ ஆட்களை எண்ணுவது. கல்லூரிக் காவலாளி பலவேசத்தின் தோளைப் பிடித்து, "சார் வந்துட்டாரு! ஆளு கூடுதலா இருக்கு, ஏதாவது செய்யி!" என்றார்.

பலவேசம் இந்தக் கல்லூரிக்கு வருவதற்கு முன் பதினைந்து வருடம் பட்டாசு ஆலைக் காவலாளி. ஆள் கூடுதலாக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினான்.

முந்நூறு மாணவர்களில் ஒருவரும் அசையவில்லை. கடைசி வரிசையில் எட்டுப் பெண்கள் எழுந்து நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. தலையைக் குனிந்து, சத்தமில்லாமல், ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகப் பின்வாசல் வழியே வெளியேறினார்கள். கடைசியாகப் போன முருகம்மாள் மட்டும் வாசலில் நின்று மேடையைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா, போகாதே என்று சொல்ல எழில் எழுந்தபோது அவள் போயிருந்தாள். பலவேசம் வாசல்படிக்கு ஓடி, வரிசையாகக் கிடந்த எட்டு ஜோடிச் செருப்பையும் ஒரு சாக்கில் அள்ளிப் போட்டுக் கட்டினான்.

அதிகாரி உள்ளே நுழைந்து முன்வரிசைச் சோபாவில் உட்கார்ந்தார். திரையில் அந்த எட்டு முகங்களும் வந்தன, சுவர் அளவுக்கு. பின்வரிசையில் எட்டு நாற்காலிகள் காலியாக இருந்தன.

எழில் மடிக்கணினியை அப்படியே விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினாள். அரங்கத்துக்குப் பின்னால் கல்லூரிக்குச் சொந்தமான காலி நிலம், முழுவதும் வேலிக்கருவை. உள்ளே எட்டுப் பேரும் நல்ல சேலையோடு உட்கார்ந்திருந்தார்கள். ராமுத்தாயின் காலை மடியில் வைத்துக்கொண்டு முருகம்மாள் ஊக்கால் முள்ளெடுத்துக்கொண்டிருந்தாள்.

"படம் ஓடுதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஓடுதும்மா."

"நாங்க எப்படி இருக்கோம்?"

எழில் முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். அம்மாவின் அருகில் உட்கார்ந்தாள். வெகுநேரம் யாரும் பேசவில்லை. உள்ளே திரையிலும் அப்போது யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"வாங்க, உள்ள போவோம். இது ஆலையில்ல, காலேஜு. ஒண்ணும் செய்யமாட்டாக," என்றாள் கடைசியில்.

"ஜீப்பு நிக்குதுல்ல," என்றாள் முருகம்மாள்.

"அப்ப போன்லயாவது பாருங்க. இந்தா, இதுலயே இருக்கு."

"வேணாம்டி," என்றாள் ராமுத்தாய். "பெரிய திரையிலன்னுதான பேச்சு."

அரங்கத்துக்கு வெளியே கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியின் வாய் முள்ளுக்காட்டைப் பார்த்துத்தான் இருந்தது. அதில் அதிகாரியின் உரை வந்தது.

"இந்த மாவட்டத்தில் பன்னிரண்டு வருடமாக ஆய்வு செய்து வருகிறேன். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் நான் பார்த்ததே இல்லை. எண்ணித்தான் பார்ப்பேன். இரண்டு முறை எண்ணுவேன். அவ்வளவு ஒழுங்கு! ஆனால் இன்று பார்த்த படம் என்னைக் கலங்கவைத்துவிட்டது. எட்டுப் பெண்கள், எந்தக் கவலையும் இல்லாமல், மர நிழலில்! இப்படி ஓர் அமைதியான இடம் நம் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது? நான் பார்த்ததில்லையே. ஒருநாள் குடும்பத்தோடு போய் உட்கார வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது."

"வாங்க சார், வாங்க," என்றாள் ராமுத்தாய் ஒலிபெருக்கியைப் பார்த்து. "வரும்போது செருப்பைப் போட்டுக்கிட்டு வாங்க."

கற்பகத்துக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிறந்த முதலுதவி விழிப்புணர்வுப் படம் 'இயற்கையின் மடியில்' என்று அறிவித்தார்கள். இயக்குநரை மூன்று முறை கூப்பிட்டார்கள். வராததால் விருதை வேதியியல் துறைப் பேராசிரியர் பெற்றுக்கொண்டார். அதிகாரி பிரியாணி சாப்பிட்டார். பிறகு பாயசம். மூன்று மணிக்கு ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. எட்டுத் தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

"போயிருச்சு," என்றாள் கற்பகம்.

எழுந்து, பின்பக்கத்தைத் தட்டிவிட்டு அரங்கத்துக்குள் போனார்கள். மாணவர்கள் யாரும் இல்லை. வாடகைத் திரையைச் சுருட்டி வேனில் ஏற்றியிருந்தார்கள். திரை இருந்த இடத்தில் வெறும் சுவர்.

"இங்கனதான ஓடுச்சு?" என்று கேட்டுவிட்டு ராமுத்தாய் அதிகாரி உட்கார்ந்த சோபாவில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் அவளருகே உட்கார்ந்தார்கள். எட்டுப் பேரும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செல்லப்பாண்டி பல் குத்திக்கொண்டே வந்தார். சோபாவில் இருந்தவர்களைக் கூட்டித் துடைக்க வந்தவர்கள் என்று நினைத்து, "சீக்கிரம் முடிச்சுட்டுக் கெளம்புங்கம்மா," என்றார். பிறகு எழிலிடம் திரும்பினார்.

"எங்கம்மா போயிட்ட? சார் ரொம்ப ஆசைப்பட்டாரு. படத்துல இருக்கிற அந்த எட்டுப் பேரைப் பார்க்கணுமாம், கையாலேயே சால்வை போர்த்தணுமாம். நீ அவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கலாமில்ல?"

எழில் அவரைப் பார்த்தாள். ராமுத்தாயும் பார்த்தாள்.

"ஆமா சார்," என்றாள் ராமுத்தாய். "கூட்டிட்டு வந்திருக்கலாம்."

வாசல்படியில் செருப்பு இல்லை. பலவேசம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். விருந்தினருக்கான பட்டாசுப் பரிசுப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் சாக்கை வைத்திருந்தானாம். மாணவர்கள் பெட்டிகளோடு சாக்கையும் சேர்த்து ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

"பன்னெண்டு வருசமா எண்ணிக்கிட்டே இருந்தாரு," என்றாள் ராமுத்தாய். "வீட்டுக்குப் போயி ஒழுங்கா எண்ணட்டும்."

தார் ரோடு கொதித்தது. பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓரத்து மண்ணில் கால் மாற்றி மாற்றி நடந்தார்கள்.

"வேணும்னு எந்திரிச்சுப் போயிட்டேன்னு நெனைக்காத எழிலு," என்றாள் முருகம்மாள் நடந்துகொண்டே. "படம் பாக்கணும்னுதான் வந்தேன். விசிலு கேட்டுச்சு. காலு எந்திரிச்சிருச்சு."

அந்த மாத ஆய்வறிக்கையில், சோலைச்சாமியின் ஆலையில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் எவரும் இல்லை என்று எழுதியிருந்தது. செருப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதைப் பற்றிக் கல்லூரிக்கு மட்டும் அதிகாரியிடமிருந்து தனியாக ஒரு கடிதம் வந்தது. குழு கூடி, அதைப் படித்து, நீண்ட நேரம் விவாதித்தது. அடுத்த ஆண்டு விழாவுக்கு விதிமுறைகள் பதினைந்து. பதினைந்தாவது விதி, பார்வையாளர்கள் எக்காரணம் கொண்டும் செருப்பைக் கழற்றக் கூடாது.